வாய்தா எனும் தண்டனை

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் பத்திரிகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பேரருவியில் ஆர்ப்பரிக்கும் வெள்ளம், ஐந்தருவியில் குடும்பத்தோடு குளியல் என்று பக்கம் பக்கமாய் வண்ணப்படம். அந்தப் படங்களில் ஒருநாளும் விழாத ஆட்கள் உண்டு. கூட்டம் கலைந்த பிறகு, விடியுமுன்னால், கரையில் கிடக்கிற ஷாம்பு பாக்கெட், எண்ணெய்ச் சீசா, நனைந்த உள்ளாடை, எச்சில் இலை, உடைந்த பாட்டில், பிள்ளைகள் இருந்துவிட்டுப் போன பீ, எல்லாத்தையும் அள்ளுகிற கைகள். அந்தக் கைகள் எந்தத் தெருவில் இருந்து வருகின்றன என்று இந்த இதழின் வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 'துப்புரவு' என்ற சொல்லை எடுத்துவிட்டு அரசாங்கம் 'தூய்மைப் பணியாளர்' என்று பேர் வைத்தது. பேர் மாறிச்சு. தெரு மாறல.

அந்த வேலை எவ்வளவு இழிவானது என்று நிறைய எழுதியாச்சு. அந்த வேலையும் போன பிறகு என்ன நடக்கிறது என்று எழுதுவார் இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு தொழிலாளி 12 மாசத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால்தான் ஒரு வருடத் தொடர் பணி என்று சட்டம் ஒத்துக்கொள்ளும். 1947ஆம் வருசத் தொழிற்தகராறு சட்டத்தில் இருந்த அந்தக் கணக்கு புதுத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. குற்றாலம் சீசன் ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மொத்தம் 92 நாள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர் வருகிற சீசன் இன்னொரு 60 நாள் என்று வையுங்கள். இரண்டையும் கூட்டினால் 152. எத்தனை வருசம் அள்ளினாலும் சீசன் ஆளுக்கு 240 வராது. அருவியில் தண்ணி வரும்போது கூப்பிட்டு, வற்றியதும் விரட்டினால், சட்டப்படி அதற்கு வேலைநீக்கம் என்ற பேர்கூடக் கிடையாது.

வருசம் பூரா அள்ளுகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்கும் பெரும்பாலும் காண்ட்ராக்டர்தான் சம்பளம் போடுகிறான். காண்ட்ராக்டர் மாறுவான், ஆள் மாறாது. என்றைக்காவது ஒருத்தி பி.எஃப். பணம் எங்கே என்று கேட்பாள், குறைந்தபட்சக் கூலி என்னவென்று விசாரிப்பாள். மறுநாள் மேஸ்திரி சொல்லுவான்: "எக்கா, நாளைலருந்து நீங்க வர வேண்டாம்." அவ்வளவுதான். காகிதம் இல்லை, காரணம் இல்லை. காகிதம் கொடுத்துத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தால் தமிழ்நாட்டின் 1981ஆம் வருசப் பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதுக்கு மேலே முழுசும் தரவேண்டும். வாயால் விரட்டினால் ஒரு பைசா தரவேண்டாம். வாய்மொழியில் விரட்டுவது மேஸ்திரியின் படிக்காத குணம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அது நன்றாகக் கணக்குப் படித்தவன் வேலை.

சரி, அவள் நியாயம் கேட்கப் போகிறாள். முதலில் தொழிலாளர் துறையில் சமரசம். சமரச அலுவலர் நோட்டீஸ் அனுப்புவார், காண்ட்ராக்டர் வரமாட்டான். திரும்ப அனுப்புவார், குமாஸ்தா வருவான், "முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்பான். 2010இல் வந்த திருத்தம் 45 நாளுக்கு மேல் இழுத்தால் தொழிலாளி நேரே நீதிமன்றம் போகலாம் என்றது. போனால் திருநெல்வேலி. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது, கலெக்டர் ஆபீஸ் வந்தது, பேனர் கட்டினார்கள், பட்டாசு வெடித்தார்கள். தொழிலாளர் நீதிமன்றத்துக்கு மட்டும் இன்னும் பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டி பஸ் பிடிக்க வேண்டும். பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்சுக்கு மட்டும்தான். நெல்லை பஸ்சுக்கு டிக்கெட் எடுக்கணும். போகவர பஸ் காசு, ஒரு நாள் கூலி, வக்கீல் குமாஸ்தாவுக்குச் செலவு. பதினொரு மணிக்குப் பேர் கூப்பிடுவான். "எதிர்த்தரப்பு வக்கீல் வேற கோர்ட்டில் இருக்காருங்க ஐயா." வாய்தா. அடுத்த மாசம்.

தென்காசி ரயில் நிலையத்தில் காண்ட்ராக்டில் கூட்டுகிறவர்கள் நிலைமை இதைவிட மோசம். ரயில்வே மத்திய அரசின் கீழ் வருவதால் அவர்களுக்கு மத்திய அரசுத் தொழில் தீர்ப்பாயம். அது சென்னையில். தான் கூட்டிப் பெருக்கிய அதே பிளாட்பாரத்தில் பொதிகை ரயில் ஏறி, ராப்பூரா உட்கார்ந்து போய், வாய்தா வாங்கிக்கிட்டு, மறுபடி ராப்பூரா திரும்பி வரணும்.

அங்கே முதலில் எதை விசாரிக்கிறார்கள்? நீக்கியது சரியா தப்பா என்பதை அல்ல. நீ யாருடைய ஆள் என்பதை. நிர்வாகம் சொல்லும்: எங்களுக்கும் இவளுக்கும் சம்பந்தமில்லை, காண்ட்ராக்டரைக் கேளுங்கள். காண்ட்ராக்டர் சொல்லுவான்: என் ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு. காண்ட்ராக்ட் முறையை ஒழித்தால் அந்தத் தொழிலாளர் நேரடியாக நிர்வாகத்தின் ஆட்கள் ஆவார்கள் என்று 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்சநீதிமன்றம் கதவைத் திறந்தது. 2001இல் செயில் வழக்கில் அதே நீதிமன்றம் சாத்தியது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்றால் அதைத் தீர்ப்பாயத்தில் சாட்சி வைத்து நிரூபித்துக்கொள் என்றது. நிரூபிக்க வேண்டிய மஸ்டர் ரோல் யாரிடம் இருக்கிறது? எதிராளியிடம். அதைக் கொண்டுவரச் சொல்லி ஒரு மனு, அதற்குப் பதில்மனு, அதன்மேல் வாதம், உத்தரவு. ஒவ்வொன்றுக்கும் நாலு வாய்தா. கடைசியில் 'ஆவணம் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பான்.

சட்டத்தில் காலக்கெடு இல்லையா என்று கேட்பீர்கள். அழகாக இருந்தது. 1982ஆம் வருசத் திருத்தம் தனித் தொழிலாளியின் தகராறை மூன்று மாசத்துக்குள் முடிக்கச் சொன்னது. கூடவே ஒரு வாலையும் ஒட்டியது: கெடு முடிந்தாலும் நீட்டிக்கலாம், கெடு தாண்டிப் போனதால் மட்டும் வழக்கு செத்துப்போகாது. கெடுவைத் தாண்டினால் யாருக்கு என்ன தண்டனை என்று ஒரு எழுத்தும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றப்பத்திரிகை போட்டதில் இருந்து இரண்டு மாசத்தில் முடிக்கணும் என்று 2015 திருத்தம் சொல்கிறதே, அதற்கும் இதற்கும் ஒரே தாய்மாமன்தான் போலிருக்கிறது. நமக்கான சட்டங்களில் மட்டும் 'கூடியவரை' என்ற சொல் எப்படியோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதே மாநிலம்தான் தொழில் தொடங்க வருகிறவனுக்கு இத்தனை நாளுக்குள் அனுமதி தந்தாகணும் என்று கெடு வைத்து 2018இல் சட்டம் போட்டது. நீதிபதி பத்தாது, கட்டு குவிந்து கிடக்கிறது என்று நமக்குச் சொல்லுகிற காரணத்தை முதலாளியிடம் சொல்லிப் பார்க்கட்டுமே.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். தாமதம் என்பது இயந்திரத்தில் விழுந்த துரு என்றுதான் நம்ம தொழிற்சங்கத் தலைவர்களும் பேசுகிறார்கள். எண்ணெய் போட்டால் ஓடும் என்று நம்பி மனுக் கொடுக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. மூன்று மாசக் கெடுவைக் கொண்டுவந்த அதே 1982 திருத்தத்தில் 17பி என்று இன்னொரு பிரிவும் வந்தது. தொழிலாளர் நீதிமன்றம் வேலை கொடு என்று தீர்ப்பளித்து, முதலாளி அதை எதிர்த்து உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் போனால், அங்கே வழக்கு நடக்கிற காலம் பூராவும் தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தரவேண்டும். புதுத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. நல்ல பிரிவு, மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள்: மேல்கோர்ட்டில் காத்திருந்தால் சம்பளம் உண்டு. கீழ்க்கோர்ட்டில் காத்திருந்தால் கிடையாது. படியில் முதல் காலை எடுத்து வைக்கிற இடத்தில்தான் தொழிலாளிக்கு மூச்சு முட்டுகிறது. அங்கே சட்டம் கையை விரிக்கிறது. முதல் தீர்ப்பு வரத் தள்ளிப்போகிற ஒவ்வொரு மாசமும் எதிராளிக்கு லாபம். அப்புறம் அவன் வக்கீல் எதுக்கு வேற கோர்ட்டில் இருக்கமாட்டான்?

இந்த வக்கீல் சமாச்சாரத்திலும் ஒரு கூத்து. 1947 சட்டப்படி எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் இல்லாமல் அங்கே வக்கீலே ஆஜராக முடியாது. தொழிலாளி தன் வாயாலேயே பேசணும், சீக்கிரம் முடியணும் என்றுதான் அப்படி வைத்தார்கள். நடைமுறையில் அந்த ஆட்சேபணையை எழுப்பவே ஆளில்லை, ரெண்டு பக்கமும் கறுப்புக் கோட்டுத்தான்.

சரி, அஞ்சாறு வருசம் அவள் எதைத் தின்றாள்? களை எடுக்கப் போயிருப்பாள், பீடி சுத்தியிருப்பாள், பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுத்திருப்பாள். சட்டவிரோதமாக நீக்கினால் பின் சம்பளத்தோடு மறுபடி வேலை கொடுப்பதுதான் பொது விதி என்று 2013இல் உச்சநீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் இடைக்காலத்தில் வேறு வருமானமுள்ள வேலையில் இல்லை என்று தொழிலாளி முதலில் சொல்லியாகணும். குறுக்கு விசாரணையில் கேட்பார்கள்: "வருமானமே இல்லாம எப்படிம்மா உயிரோட இருந்த?" உண்மையைச் சொன்னால் பின் சம்பளத்தில் கத்தி. பட்டினி கிடந்தேன் என்றால் பொய்ச்சாட்சி மாதிரிப் பார்ப்பார்கள். நம்ம சனங்க உயிரோடு இருப்பதே அந்தக் கூண்டில் எதிர்சாட்சியம் ஆகிறது.

காத்திருந்ததற்குக் கடைசியில் என்ன கிடைக்கும்? ஹரியானா வேளாண் விற்பனை வாரியத்தில் ஒரு தினக்கூலி, 1995-96இல் 240 நாளுக்கு மேல் வேலை பார்த்து விரட்டப்பட்டவர். நீக்கியது சட்டவிரோதம் என்பதை உச்சநீதிமன்றமே ஒத்துக்கொண்டது. ஆனால் தினக்கூலிக்கு மறுவேலை தானாகக் கிடைத்துவிடாது, இத்தனை காலமும் ஓடிவிட்டது என்று சொல்லி 2009இல் 50,000 ரூபாய் நட்டஈடு கொடுத்து அனுப்பியது. 13 வருசத்துக்கு 50,000. நாளுக்குப் பத்து ரூபாய் சொச்சம். காலத்தை ஓட்டியவன் ஒருத்தன், அந்தக் காலத்தைக் காட்டி வேலை மறுக்கப்பட்டவன் இன்னொருத்தன்.

நல்ல தீர்ப்பும் வருகிறது. உத்தரப்பிரதேசத்தில் காசியாபாத் மாநகராட்சியின் பூங்காக்களில் வேலை பார்த்தவர்கள் நிரந்தரம் கேட்டார்கள். சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, 2005 ஜூலையில், வாய்மொழியாக விரட்டப்பட்டார்கள். தொழிலாளர் நீதிமன்றம், உயர்நீதிமன்றம் என்று ஏறி, 2025 ஜனவரி 31 அன்று உச்சநீதிமன்றம் மறுபடி வேலை கொடு, பின் சம்பளத்தில் பாதியைக் கொடு என்றது. தோழர்கள் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடினார்கள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. விரட்டப்பட்ட அன்றைக்குப் பிறந்த பிள்ளை தீர்ப்பு வந்த அன்று கல்லூரியில் இருக்கும், படிக்கவைக்க வழி இருந்திருந்தால். பாதிச் சம்பளம் என்றால் பாதியை நிர்வாகம் வைத்துக்கொண்டது என்றுதானே அர்த்தம்? சட்டத்தை மீறியதற்கு இருபது வருசம் கழித்து ஐம்பது சதவீதத் தள்ளுபடி.

இதெல்லாம் ஒருத்தி, பத்துப் பேர் கதை. கூட்டமாய்ச் சேர்ந்து கேட்டால் காத்திருப்பு வேறு வேசம் போடும். தகராறு தீர்ப்பாயத்தில் இருக்கிற காலம் பூராவும், முடிந்து இரண்டு மாசம் வரைக்கும், அந்தக் கோரிக்கைக்காக வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்று 1947 சட்டம் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் அதையே 60 நாள் என்று சொல்கிறது. மீறினால் தொழிலாளிக்கு ஆயிரத்தில் இருந்து பத்தாயிரம் வரை அபராதம், அல்லது ஒரு மாசம் வரை ஜெயில், அல்லது ரெண்டும். பாதிப்பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான் என்றும் எழுதி வைத்துவிட்டான். அப்படியானால் வழக்கு எத்தனை வருசம் இழுக்கிறதோ அத்தனை வருசமும் கை கட்டப்பட்டிருக்கிறது. மூன்று மாசத்தில் முடிகிற வழக்குக்கு எழுதப்பட்ட தடை, பத்து வருசம் ஓடுகிற வழக்குக்கும் அப்படியே பொருந்துகிறது.

பாபாசாகேப் இதை 1938லேயே பிடித்துவிட்டார். பம்பாயில் காங்கிரஸ் மந்திரிசபை தொழிற்தகராறு மசோதா கொண்டுவந்தது. முதலில் சமரசம், அதுவரை வேலைநிறுத்தம் சட்டவிரோதம். கட்டாயமாகக் காத்திருக்க வைப்பது தொழிலாளியின் ஒரே ஆயுதத்தைப் பிடுங்குவது என்று சட்டசபையில் எதிர்த்தார். சுதந்திரத் தொழிலாளர் கட்சி கம்யூனிஸ்டுகளோடு கைகோத்து அந்த நவம்பர் 7 அன்று வேலைநிறுத்தம் நடத்தியது. அம்பேத்கர் என்றால் அரசியல் சட்டமும் இடஒதுக்கீடும் மட்டும்தான் என்று மாலை போடுகிறவர்கள் இந்தத் தேதியை நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளட்டும்.

காத்திருக்க மாட்டேன் என்றவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பது நம்ம பக்கத்து ஆற்றுக்குத் தெரியும். 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளரின் கூலிக்காகவும் ஜெயிலில் கிடந்தவர்களின் விடுதலைக்காகவும் நெல்லைக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலம். தாமிரபரணியில் 17 பிணங்கள், அதில் ஒன்று கைக்குழந்தை. 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பகுதி தலித் பெண்கள், குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். நிரந்தரம் கேட்ட வழக்கு தொழிற் தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருக்கும்போதே எங்கள் பணிநிலையை எப்படி மாற்றலாம் என்று அவர்களுடைய சங்கம் கேட்டது. சரியான கேள்வி. தீர்ப்பு வரும்வரை தொழிலாளி அசையக்கூடாது, நிர்வாகம் மட்டும் டெண்டர் விடலாமா? ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. இரண்டு காலத்திலும் ஆட்சியில் இருந்தது சமூகநீதி பேசுகிற கட்சிதான்.

புதுத் தொகுப்பு வந்தால் எல்லாம் வேகமாகிவிடும் என்று டில்லியில் சொல்கிறார்கள். தொழிலாளர் நீதிமன்றம் போய் தீர்ப்பாயம் வரும், அதில் ஒரு நீதித்துறை உறுப்பினர், ஒரு நிர்வாக உறுப்பினர். அதாவது அதிகாரியாய் இருந்தவர் ஒருத்தர் மேடை ஏறுகிறார். நம்மை விரட்டியதே ஓர் அதிகாரி என்றால் யாரிடம் போய் முறையிட? விரட்டப்பட்டவர் தகராறு எழுப்ப மூன்று வருசம் இருந்ததை இரண்டாகக் குறைத்தாயிற்று. கெடு என்றால் தொழிலாளிக்கு மட்டும் கறாராக இருக்கிறது பாருங்கள். நிலுவையில் கிடக்கிற கட்டுகள் எல்லாம் புதுத் தீர்ப்பாயத்துக்கு மாறும். மாறினால், விட்ட இடத்தில் இருந்தும் தொடரலாம், முதலில் இருந்தும் ஆரம்பிக்கலாம், அது தீர்ப்பாயத்தின் இஷ்டம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எட்டு வருசம் நெல்லை பஸ்சில் போய்வந்தவளிடம் "முதலில் இருந்து சொல்லும்மா" என்று கேட்கலாமாம்.

ஆகவே கோரிக்கையை மாற்றிப் பிடிக்கணும். 'விரைந்து முடி' என்று கெஞ்சுவதை விட்டுவிட்டு, 'முடிக்கிற வரைக்கும் சம்பளம் கொடு' என்று கேட்கணும். சமரசம் முறிந்த நாளில் இருந்து தீர்ப்பு வரும்வரை கடைசிச் சம்பளம் தரவேண்டும் என்று சட்டம் வந்தால் எந்த எதிர்த்தரப்பு வக்கீலும் வேற கோர்ட்டுக்குப் போகமாட்டார். தென்காசியில் மாசத்துக்கு ஒரு தடவையாவது முகாம் அமர்வு வைக்கணும். பஸ் காசை மிச்சப்படுத்தவும், வழக்கை நம்ம சனங்க நூறு பேர் கூடி நின்று பார்க்கவும்.

சட்டம் வரும்வரை கையில் இருப்பதையும் எடுத்து வீசணும். இடைக்கால நிவாரணம் தரத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1959இலேயே டில்லி இம்பீரியல் ஓட்டல் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. மூல மனுவோடு சேர்த்தே, முதல் வாய்தாவிலேயே, இடைக்காலச் சம்பளம் கேட்டுத் தனி மனுப் போடச் சொல்லுங்கள். வக்கீல் முணுமுணுத்தால் ஏன் என்று கேளுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் 1987ஆம் வருசச் சட்டப் பணிகள் சட்டப்படி பட்டியல் சாதியாருக்கும் பெண்களுக்கும் தொழிலாளருக்கும் இலவச வக்கீல் உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் போய்க் கேட்டால் தரவேண்டும்.

அப்புறம், சட்டக்கல்லூரிகளில் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அடுத்த சீசனுக்கு அருவியில் குளிக்க வருகிற நாளில் ஒரு காலைப் பொழுதைத் துப்புரவுத் தெருவில் செலவழியுங்கள். அடையாள அட்டை, சம்பளம் விழுந்த பாஸ்புக் பக்கம், பி.எஃப். எண், மேஸ்திரி வாட்ஸ்அப்பில் போடுகிற வருகைப் படம், டீக்கடைக் கணக்கு நோட்டில் எழுதிய தேதியாக இருந்தாலும் சரி, எல்லாத்தையும் நகல் எடுத்து ஆள்வாரியாகக் கட்டு போட்டு வைக்கணும். வேலை போன பிறகு இல்லை, வேலையில் இருக்கும்போதே.